நாயை வையாத நாற்பது நாள்

சூசையம்மாள் அந்த நாய்க்குட்டியைச் ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தது, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள். அதற்கு முன்னால் அவள் அதற்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. போடியில் ஏலக்காய் பிரிக்கிற கிட்டங்கிகளில் வாய்க்குப் பேர்போன பொம்பளைகள் நாலைந்து பேர் உண்டு. அதில் முதல் ஆள் யாரென்று கேட்டால் கிட்டங்கி முதலாளி சின்னச்சாமி யோசிக்காமல் சூசையம்மாளைக் காட்டுவார். மூட்டை இறக்குகிற ஆள்கள்கூட அவள் பக்கத்தில் மூட்டையைத் தொப்பென்று போடமாட்டார்கள். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல இறக்கிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

மனசு நல்ல மனசுதான். இருந்து என்ன செய்ய? வாய் முந்திக்கொள்கிறதே.

வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. மலையிலிருந்து வருகிற காயைச் சல்லடையில் சலித்த பிறகு, பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டும். நல்ல பச்சை ஒரு குவியல், வெளுத்தது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். காலையில் உட்கார்ந்தால், கூரைக் கண்ணாடி வழியாக விழுகிற வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து கிழக்குச் சுவரில் ஏறுகிற வரைக்கும் இதே சோலிதான். மதியத்துக்கு மேல் அந்த வாசனையில் எல்லாருக்கும் கண் சொருகும். கை மட்டும் தூங்காது. பாதிப் பேர் கனவு கண்டுகொண்டேதான் காய் பிரிப்பார்கள். சூசையம்மாளும் கண்டாள். கொஞ்ச நாளாக அவள் கனவில் ஒரு பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பிள்ளை ஜெனிட்டா. சூசையம்மாளின் புருசன் சந்தியாகு ஜீப்பு ஓட்டுகிறவன். விடியும்போது தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் போனால் பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவான். அவனுடைய தங்கச்சி மகள்தான் ஜெனிட்டா. எட்டு வயசு. தாய் செத்து இரண்டு வருசம். தகப்பன் திருப்பூரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். பிள்ளை தேவாரத்தில் சித்தப்பன் வீட்டில் எட்டு மாதம் இருந்தது. ராசிங்காபுரத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு வருசம். இரண்டு வீட்டிலும் சேட்டை தாங்க முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தை மாதம் இங்கே வந்து சேர்ந்தது. கல்யாணமாகி இருபத்து நாலு வருசமாகப் பிள்ளையில்லாத வீடு இது.

இங்கே வந்து ஒரு சேட்டையும் செய்யவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரும், சாப்பிடச் சொன்னால் சாப்பிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த அம்மிக்குழவிகூட அதைவிடச் சத்தம் போடும். வந்த பத்தாம் நாள் கை தவறிக் குழம்புச் சட்டியை உடைத்துவிட்டது. சூசையம்மாள் யோசிப்பதற்குள் கை போய்விட்டது. கன்னத்தில் ஒரு அறை. பிள்ளை அழவில்லை. உள்ளே போய்த் தன் துணிப்பையை எடுத்து வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தது.

“இப்ப என்னடி?” என்றாள் சூசையம்மாள்.

“யாரு அத்தை வந்து கூட்டிட்டுப் போவாங்க? பெரியம்மாவா, சித்தப்பாவா?”

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. பஸ்சு எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டது. சூசையம்மாள் அந்தப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் சந்தியாகு கை கால் கழுவுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

“என் கைக்குப் பிள்ளை ஆகாதுய்யா. கடவுளு தெரிஞ்சுதான் எனக்குக் குடுக்கல. சிஸ்டர்மாரு ஹாஸ்டல்ல சேத்துரு.”

“ஒரு அடி அடிச்சதுக்கா?”

“இன்னைக்கு ஒரு அடி. நாளைக்கு? எனக்கு என் கையத் தெரியும்.”

“ஜூன்லதான் சேப்பாங்க.”

“பாஸ்கா முடியட்டும். போயிக் கேட்டுட்டு வா.” ஈஸ்டரை அவள் பாஸ்கா என்றுதான் சொல்வாள்.

அடுப்படியில் ஜெனிட்டா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

சந்தியாகு பெரிதாகப் பேசுகிற ஆளில்லை. நாலு நாள் கழித்து ஜீப்பில் ஒரு நாய்க்குட்டியோடு வந்து இறங்கினான். வெள்ளை உடம்பில் செம்மண் திட்டு, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து கிடந்தது. பூப்பாறை டீக்கடையில் நிறுத்தியபோது தானே ஏறி சீட்டுக்கடியில் படுத்துக்கொண்டதாம்.

“இது மலையாளத்து ஆளு. ‘வாடா’ன்னா வரமாட்டான். ‘வா மோனே’ன்னு கூப்பிடணும்” என்றான்.

“கொண்டாந்த எடத்துலயே கொண்டுபோயி விட்டுட்டு வா” என்று சூசையம்மாள் கத்தியபோது, குட்டி அவள் முந்தானையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. ஜெனிட்டா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தது. அதனால்தான் குட்டி இந்த வீட்டில் தங்கியது. இல்லாவிட்டால் அன்றைக்கே மறு ஜீப்பில் மலை ஏறியிருக்கும்.

சாம்பல் புதன் அன்று சூசையம்மாள் கோயிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டாள். பங்கு ஃபாதர் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருசம்தான் ஆகிறது.

“அதே பாவந்தான் ஃபாதர். கோவம்.”

“போன மாசம் சொன்னதா?”

“போன மாசம், அதுக்கு முந்துன மாசம், கல்யாணம் கட்டுன நாள்லருந்து அதேதான். இந்த வாட்டி தாயில்லாப் பிள்ளைய அறைஞ்சுபுட்டேன்.”

ஃபாதர், “தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் செய்யப் போறீங்க?” என்று கேட்டார்.

“கறி, மீனு தொடமாட்டேன்.”

“கறி இல்லாட்டி கோபம் கூடத்தானே செய்யும்? அது வேண்டாம். இப்ப வீட்ல யாரு மேல ரொம்பக் கோபம் வருது?”

“நாய் மேல.”

“அப்ப பாஸ்கா வரைக்கும் அந்த நாயை அடிக்கவும் கூடாது, வையவும் கூடாது. அதுதான் உங்க ஒறுத்தல். நாய்கிட்டப் பொறுமை வந்துட்டா பிள்ளைகிட்டயும் வந்துரும்.”

சூசையம்மாளுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் பட்டினி கிடந்தும் திருப்பயணம் போயும் மோட்சத்துக்கு வழி தேடுகிறார்கள், தனக்கு மட்டும் நாய் வழியாகவா என்று நினைத்தாள். மறுநாள் கிட்டங்கியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகாராணியிடம் சொல்லிப் பொருமினாள். மகாராணி எதிர்வீட்டுக்காரி. அவள் புருசன் வருசா வருசம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறவன்.

“இதுக்கு ஏன்க்கா முழிக்கிற?” என்றாள் மகாராணி. “எங்க வீட்டு ஆளு பதினோரு மாசம் என்னைய வாய்க்கு வந்தபடி பேசுவாரு. மாலையப் போட்டுட்டா போதும், ‘சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி’ன்னுவாரு. வாயில சாமின்னு வந்துட்டா அதுக்குப் பின்னாடி கெட்ட வார்த்த வராதுக்கா. நீயும் நாயச் சாமின்னு கூப்பிட்டுப் பாரு.”

சுற்றியிருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் நாலு குவியல் கலைந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், குட்டி அவளுடைய புதுச் செருப்பில் ஒன்றை மட்டும் கடித்துக் குதறி வைத்திருந்தது. ஜோடியில் ஒன்று. சூசையம்மாளுக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். வேறு வழி தெரியவில்லை.

“ஏன் சாமி, ரெண்டையும் கடிச்சிருந்தா ஒரேயடியாத் தூக்கிப் போட்டிருப்பேன்ல சாமி” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எதிர்வீட்டிலிருந்து மகாராணி ஒரு சரணம் போட்டாள்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. துணிக்கொடியிலிருந்து ஜாக்கெட்டை உருவும். “சாமி, அது ஒங்களுக்குப் பத்தாது, குடுத்துருங்க.” மாவுச் சட்டிக்குள் தலையை விட்டு வெள்ளை மூஞ்சியோடு வரும். “சாமி, பவுடரு போட்டது போதும்.” வார்த்தைதான் சாமி. குரலில் பழைய கோபம் அப்படியே இருந்தது. கோபம் தீராமல் கடைசியில் விரலை நீட்டி, “பாஸ்கா வரட்டும், ஒனக்கு இருக்கு கச்சேரி” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். அப்போதெல்லாம் ஜெனிட்டா எங்கேயாவது ஒரு ஓரமாக நின்று, நாயைப் பார்க்காமல் அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்குனி பிறந்தது. அந்த மாதத்தில் போடிக்கு ஒரு மயக்கம் உண்டு. இலவ மரத்துக் காய்கள் வெடித்து, மேற்கேயிருக்கிற தோப்புகளிலிருந்து பஞ்சு பிரிந்து ஊருக்குள் மிதந்து வரும். வெயில் சுடுகிறதே என்று அண்ணாந்தால் பஞ்சு போகும். காலையில் மலை பாதிக்கு மேல் பனிக்குள் இருக்கும். சந்தியாகுவின் ஜீப்பு மலையடியில் இருக்கிற முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறி அந்த வெள்ளைக்குள் போய் மறைவதை, ஜெனிட்டா வாசலில் நாய்க்குட்டியோடு நின்று பார்க்கும்.

ஒருநாள் சூசையம்மாள் வேலைவிட்டு வந்தபோது வீட்டுக்குள்ளேயே பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. தலையணை பிளந்து கிடந்தது. அவள் அம்மா கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த தலையணை. சன்னல் வழியாக வந்த மஞ்சள் வெயிலில் பஞ்சு மேலே போகிறதா கீழே வருகிறதா என்றே தெரியவில்லை. நடுவில் குட்டி துள்ளித் துள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெனிட்டா சுவரோடு ஒட்டி நின்றது. தலை முழுக்கப் பஞ்சு.

“நாய்தான் அத்தை” என்றது.

சூசையம்மாள் கையை ஓங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றதில் ஒன்று கண்ணில் பட்டது. இந்த நாற்பத்தெட்டு வயசில் தன் வீட்டை இவ்வளவு அழகாக அவள் பார்த்ததே இல்லை.

“சாமி... மழை பெய்யலன்னு நீங்களே பெய்ய வச்சுட்டீங்களா சாமி?” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

குட்டியையும் சேர்த்து மூன்று பேரும் பஞ்சு பொறுக்கினார்கள். வெரசாகக் கையை நீட்டினால் பஞ்சு காற்றோடு ஓடிவிடும். கையை ஏந்தி வைத்துக்கொண்டு அதுவாக வந்து இறங்குகிற வரைக்கும் சும்மா நிற்க வேண்டும். சூசையம்மாள் வாழ்க்கையில் எதற்கும் அப்படி நின்றதில்லை. ஒரு துணுக்கு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தபோது, “ஏய், இங்க பார்றி!” என்று பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜெனிட்டாவின் உதடு லேசாக நெளிந்தது. பொழுது இருட்டி விளக்குப் போடுகிற வரைக்கும் பொறுக்கியும் தலையணை பாதிதான் நிறைந்தது.

அதற்குப் பிறகு நாயின் அட்டகாசம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. நோட்டு கிழிந்தது. உப்பு ஜாடி கவிழ்ந்தது. ஜெபமாலையின் மணிகள் வாசலெல்லாம் உருண்டன. எல்லாவற்றுக்கும் ‘நாய்தான் அத்தை’. சூசையம்மாள் பெருமூச்சு விடுவாள். “பொறுத்தார் பூமியாள்வாராம். இங்க அடுப்படியக்கூட ஆள முடியல சாமி” என்பாள். குரலில் இருந்த கோபம் எந்த நாளில் போனதென்று அவளுக்கே தெரியாது. ‘பாஸ்கா வரட்டும்’ மட்டும் போகவில்லை. அது வாய்ப் பழக்கமாகிவிட்டது, இப்போது கொஞ்சுவதற்கும் அதைத்தான் சொன்னாள்.

பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சின்னச்சாமி முதலாளி ஒரு மூட்டைக் காயை வீட்டுக்கே கொடுத்துவிட்டார். யாருக்கும் அப்படிக் கொடுக்கிறவர் இல்லை.

“திங்கக்கிழமை காலையில ஏலத்துக்குப் போகணும் சூசை. கிட்டங்கியில ஆளு பத்தல. ஒன்னைய நம்பித்தான் குடுக்குறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு வரைக்கும், சனிக்கிழமை முழுக்க, சூசையம்மாள் முதுகு நிமிரவில்லை. நடுவீட்டில் தார்ப்பாய் விரித்து மூன்று குவியல். வீடே மணத்தது. ஜெனிட்டாவும் கூட உட்கார்ந்து வெடித்த காயைப் பொறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்குகளில் அள்ளுவதுதான் பாக்கி. பூசைக்குக் கிளம்பும்போது பிள்ளை வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டது.

புருசனும் பெண்டாட்டியும் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனி சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பினார்கள். சந்தியாகுதான் முதலில் உள்ளே போனான். போனவன் அப்படியே நின்றான்.

மூன்று குவியலும் ஒரே குவியலாகக் கிடந்தது. அதன் நடுவில் குட்டி நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கியது. ஜெனிட்டா அடுப்படி வாசலில் நின்றது.

“நாய்தான் அத்தை.”

“சூசை, கோவப்படாத, ஒக்காரு, தண்ணி கொண்டாறேன்” என்று சந்தியாகு உளறினான்.

சூசையம்மாள் காயைப் பார்த்தாள். முப்பது வருசமாகக் காயைப் பார்க்கிற கண். நாய் கலைத்தால் காய் சிதறும், உருண்டு சுவரோரம் போகும், நசுங்கும். இங்கே ஒரு காய்கூடத் தார்ப்பாயைத் தாண்டவில்லை, ஒன்றும் நசுங்கவில்லை. அரிசியும் உளுந்தும் கலக்குகிற மாதிரி அடியிலிருந்து மேலாக அள்ளி அள்ளிக் கலக்கியிருந்தது. ஒரு ஓரத்தில் சின்ன விரல்கள் ஐந்தும் இழுத்த கோடு அழியாமல் இருந்தது. அந்தத் தலையணையின் ஓரத் தையல் நேராக அறுந்திருந்தது நினைவுக்கு வந்தது. உப்பு ஜாடி இருந்தது பரண்மேல். அதில் எந்த நாய் ஏறும்?

கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? இரண்டு நாள் சோலி, முதலாளியின் நம்பிக்கை எல்லாம் அந்தத் தார்ப்பாயில் கிடந்தது. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அது கன்னத்தைக் கொஞ்சம் திருப்பி, அடி வாங்குவதற்குத் தோதாக வைத்துக்கொண்டு நின்றது. சூசையம்மாள் ஓலையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தச் சொளகக் கொண்டா” என்றாள் புருசனிடம். அவன் முறத்தை எடுத்து வந்து வைத்தான்.

குட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாகப் படுக்கப் போட்டாள். பிரிக்க ஆரம்பித்தாள். பச்சை, வெளுப்பு, வெடிப்பு. சந்தியாகுவும் ஒரு மூலையில் உட்கார்ந்தான். கதவுக்கு வெளியே பஞ்சு போய்க்கொண்டிருந்தது. காய் விழுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. அந்த வாசனையும் வெயிலும் சேர்ந்து, நேரம் நகராமல் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஜெனிட்டா ஒவ்வொரு அடியாக வந்து தார்ப்பாயின் விளிம்பில் உட்கார்ந்தது.

“நாய வையலையா அத்தை?”

“இல்ல.”

“அடிக்க மாட்டீங்களா?”

“அடிச்சா காய் பிரிஞ்சிருமா?”

பிள்ளை ஒரு வெடித்த காயை எடுத்து அதன் குவியலில் போட்டது. இன்னொன்று எடுத்தது. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டது.

“பாஸ்கா முடிஞ்சா என்னையும் நாயையும் எங்கே அத்தை அனுப்புவீங்க? ஒரே எடத்துக்கா?”

சூசையம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது, விரலை நீட்டி நீட்டி அவள் நாயிடம் சொன்ன ‘பாஸ்கா வரட்டும்’ எல்லாம் யார் காதில் போய் விழுந்திருக்கிறது என்பது தெரிந்தது. நாற்பது நாளாக இந்தப் பிள்ளை நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு தாங்குவாள், எப்போது அனுப்புவாள் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறது. தலையணைக்கும் காய்க்கும் வராத ஆத்திரம் இப்போது அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

“எங்கே அனுப்புவேனா? எவடி அனுப்புறவ?” எழுந்து நின்றுவிட்டாள். குட்டி பதறி எழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. “கூறுகெட்ட கழுதை! ரெண்டு நாள் சோலியக் கையப் போட்டுக் கலக்கிட்டு, வாயில்லாச் சீவன் மேல பழியப் போட்டுட்டு, கேக்குறா பாரு கேள்வி! நாய்க்கு ஏதுடி அஞ்சு வெரலு? தலகாணிய பிளேடு வச்சு அறுத்தது எந்த ஊரு நாயிடி? பரண்ல ஏறி உப்பக் கவுத்தது எந்த நாயி?”

“சூசை...” என்றான் சந்தியாகு.

“நீ பேசாத! ஹாஸ்டலு கீஸ்டலுன்னு இனி இந்த வீட்ல எவனாச்சும் வாயத் தொறந்தீங்க...”

“நானா சொன்னேன்? நீதான...”

“நாந்தான் சொன்னேன்! புத்தி கெட்டுச் சொன்னேன்! இப்ப சொல்றேன் கேட்டுக்கடி. நீ இந்த வீட்டு ஓட்டையே பிரிச்சுப் போட்டாலும் ஒன்னைய எங்கயும் அனுப்ப மாட்டேன். நீ சேட்டை பண்ணுவ, நான் கத்துவேன். கத்தி முடிச்சுச் சோறு போடுவேன், தின்னுட்டு இங்கதான் கெடக்கணும். வெளங்குதா?”

ஜெனிட்டாவின் கையிலிருந்த காய் விழுந்தது. வாயைத் திறந்தது, முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது பாருங்கள் அழுகை. இரண்டு வருசத்து அழுகை, தெருவே கேட்கிற மாதிரி.

“நாந்தான் அத்தை கலக்குனேன்... நாந்தான்...”

“தெரியும்டி! வாய மூடாத, நல்லா அழு!”

இந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு மகாராணி ஈரக் கையோடு ஓடி வந்தாள். வாசலில் நின்று, கலைந்து கிடந்த காயையும், அழுகிற பிள்ளையையும், தலைவிரி கோலமாக நின்ற சூசையம்மாளையும் பார்த்தாள்.

“அய்யய்யோ, என்னக்கா இது! பாஸ்காவுக்கு இன்னும் ஒரே வாரந்தான் இருக்கு. இம்புட்டு நாளு இருந்துட்டு வெரதத்த முறிச்சிட்டியே!”

“எவடி முறிச்சா?” என்று திரும்பினாள் சூசையம்மாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. “நாயத்தான வைய மாட்டேன்னு சொன்னேன்? இது எம்பிள்ள. எம்பிள்ளைய நான் வைவேன், ஒனக்கென்ன?”

சொல்லிவிட்டு, ஏலக்காய்க் குவியலிலேயே தொப்பென்று உட்கார்ந்து, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பவும் வைய ஆரம்பித்தாள்.